கேட்ட நிலையங்கள்: ஒன்று

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒரே பக்கம்தான். அக்டோபர் இரண்டாம் வாரத்தில் புயல் ஒத்திகை. செல்போன் கோபுரங்கள் எல்லாம் விழுந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, கடலோர ஊர்களிலிருந்து செய்திகள் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி வழியாகவே காரைக்காலுக்கு வரவேண்டும். அவற்றை வாங்கிச் சேர்த்துக் கொடுக்க ஊருக்குள் ஒரு நிலையம் தேவை. எந்த நிலையம் என்பதை அமெச்சூர்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்துகொள்ளலாம். விருப்பமுள்ளவர்கள், கடந்த முப்பது நாட்களில் தங்கள் நிலையம் கேட்ட பிற நிலையங்களின் பட்டியலை இணைத்து அனுப்பவும்.

பாலகுரு கடிதத்தை நான்கு முறை படித்தார். இந்த வேலை அவருக்கு வேண்டும். ஐம்பத்தேழு வயதில் எதையும் இப்படி ஆசைப்பட்டதாக அவருக்கு நினைவில்லை. கல்யாணத்துக்குக்கூட வீட்டில்தான் ஆசைப்பட்டார்கள்.

அன்றே உட்கார்ந்து பட்டியலைத் தயார் செய்தார். வரிசை எண், நிலையம், இயக்குபவர், ஊர், கேட்ட நாட்கள் என்று ஐந்து கட்டம். வரிசை எண் ஒன்று: நெய்னா முகம்மது, காரைக்கால், முப்பது நாட்கள். வரிசை எண் இரண்டு என்று ஒன்று இல்லை. இருந்தாலும் கீழே 'மொத்தம்: ஒன்று' என்று போட்டு அடிக்கோடிட்டார். அலுவலகப் பழக்கம்.

நெய்னா முகம்மதுவின் வீடு ஒன்றரைக் கிலோமீட்டர். அங்கிருந்து ஒரு செய்தியை வானொலியில் வாங்குவதைவிட சைக்கிளில் போய் வாங்கி வருவது சீக்கிரம். கொடியக்கரை வரைக்கும் கேட்கவேண்டிய நிலையம் பெரிய பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருந்தது. இந்தப் பட்டியலைக் கொடுத்து, எனக்கே கொடுங்கள் என்று கேட்கும் தைரியம் அவருக்கு ஓரளவு இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரியின் முகத்தைப் பார்க்கும் தைரியம்தான் இல்லை.

பாலகுரு மீன்வளப் பிரிவில் எழுத்தர். ஏப்ரல் நடுவில் தடைக்காலம் தொடங்கியதும் படகுகளை ஆய்வு செய்வார்கள். உரிமம் தீர்ந்தது, பலகை விட்டுப்போனது, உயிர்காப்புச் சட்டை குறைவது என்று கழிகிற படகுகளின் பதிவெண்களை அவர் பட்டியலாக அடிப்பார். பட்டியல் அமலுக்கு வந்தால் அந்தப் படகு கரையோடு சரி. முப்பது வருடத்தில் அவர் அடித்த எந்தப் பட்டியலும் யாரையும் உள்ளே விட்டதில்லை. துறைமுகத்தில் அவரைப் பார்த்தால் படகுக்காரர்கள் வணக்கம் சொல்லிவிட்டு, அவர் தாண்டியதும் வேறு ஏதோ சொல்வார்கள். அந்த வேறு ஏதோவை அவர் காதில் வாங்கியதில்லை. காதில் வாங்காமல் இருப்பது அவருக்கு இயல்பாகவே வரும் என்று இப்போது அவரே ஒத்துக்கொள்கிறார்.

வானொலிக்கு வந்தது கஜா புயலுக்குப் பிறகு. நாகப்பட்டினம் பக்கம் போன் செத்துக் கிடந்த அந்த நாட்களில், யாரோ ஒருவர் கார் பேட்டரியில் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு ஊர் ஊருக்குச் செய்தி சொன்னதை அவர் பார்த்தார். சுற்றி நின்ற கூட்டம் அந்த ஆளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பாலகுருவின் வாயை அதுவரை பல் வைத்தியர் ஒருவர்தான் அப்படிப் பார்த்திருக்கிறார். தேர்வு எழுதினார், உரிமம் வாங்கினார், மாடி அறையில் கருவி வைத்தார், மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா ஏற்றினார்.

பேசுவதைவிட எழுதுவது அவருக்கு வரும் என்பதால் பாக்கெட் ரேடியோவுக்கு, அதாவது பொட்டல வானொலிக்குப் போனார். கணினியில் அடிக்கும் வரியை ஒரு சின்னப் பெட்டி பொட்டலமாகக் கட்டி, கீச்சொலியாக்கி, வானொலிக் கருவியிடம் கொடுக்கும். அடுத்த ஊரில் இன்னொரு பெட்டி அந்தக் கீச்சொலியைப் பிரித்துத் திரையில் எழுத்தாகப் போடும். டெல்டா கரையில் இப்படி எட்டுப் பேர் சேர்ந்தார்கள். தினமும் மாலை ஆறரை மணிக்கு ஒவ்வொருவரும் இரண்டு வரி அனுப்பி இருப்பைச் சொல்லவேண்டும். நெய்னா முகம்மது மக்ரிப் தொழுதுவிட்டு வருவதற்காக வைத்த நேரம் அது.

நெய்னா முகம்மது கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். இருபத்திரண்டு வருடம் கடலில் இருந்துவிட்டு இப்போது இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். அறுபத்தாறு வயது. எட்டுப் பேரில் மற்ற ஏழு பேருக்கும் ஏதாவது கோளாறு என்றால் அவரிடம்தான் போவார்கள். பாலகுருவும் போய்க்கொண்டிருந்தார், சண்டை வரும்வரை.

சண்டை இதுதான். பெட்டியில் ஒரு வசதி உண்டு. ஒரு வாசகத்தை எழுதி, இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று சொல்லிவிட்டால் அது தானாகவே வானில் போய்க்கொண்டிருக்கும். வழக்கமாகப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று வைப்பார்கள். பாலகுரு ஒரு நிமிடம் என்று வைத்தார். வாசகத்தில் தன் பெயர், ஊர், தெரு, ஆன்டெனாவின் உயரம், 'கடைமடையின் அன்பு வணக்கம்' எல்லாம் இருந்தன. ஒருவர் வாயைத் திறந்தால் மற்றவர் மூடவேண்டிய ஒரே அலைவரிசையில், நிமிடத்துக்கு ஒருமுறை கடைமடை வணக்கம் சொன்னது. ஒருநாள் நாகூரில் ஒரு டீக்கடையில் எட்டுப் பேரும் கூடியபோது நெய்னா முகம்மது சொன்னார்:

"குரு சார், ஆடி மாசத்து ரேடியோ செட்டுகூட கரண்டு போனா நிக்கும். உங்களுது நிக்கவே மாட்டேங்குதே."

ஏழு பேரும் சிரித்தார்கள். மாயவரத்தில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கும் தேவிகா டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார். பாலகுருவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பஸ் ஏறி, சிரித்த முகம் கழலாமலே வீட்டுக்கு வந்து, வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார். பிறகு பெட்டியின் கையேட்டை எடுத்தார்.

அது நூற்றுச் சொச்சம் பக்கம், நகல் எடுத்தது. அதில் யார் யாருடைய பொட்டலங்களைத் திரையில் காட்டலாம், எப்போது காட்டலாம், நேரத்தோடா நேரமில்லாமலா என்று கண்காணிப்புக்கே இருபது அமைப்புகள். அவருக்கு வேண்டியது பதினேழாவது பக்கத்தில் இருந்தது. பெட்டிக்குள் பெயர்ப் பட்டியல் ஒன்று வைக்கலாம். அந்தப் பட்டியலுக்கு ஒரு ஆன், ஒரு ஆஃப். பாலகுரு பட்டியலில் ஒரே ஒரு பெயரை ஏற்றினார். நெய்னா முகம்மதுவின் அழைப்புக்குறி, உரிமத்தோடு அவர் நிலையத்துக்குக் கொடுத்த அடையாள எழுத்துகள். பட்டியலை ஆன் செய்தார். பட்டியல் அமலுக்கு வந்தது. படகு கரையோடு சரி. அடுத்த பத்தியைப் படிக்கவில்லை. தெரிந்த வேலைக்குக் கையேடு எதற்கு.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுநாள் மாமனார் வீட்டுக்குத் தீபாவளிக்குப் போனார். ஒரு வாரம் கழித்து வந்து மாலை ஆறரைக்குக் கருவியைப் போட்டார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது.

'நெய்னா முகம்மது. காரைக்கால். நல்ல மழை. எல்லாரும் சுகமா.'

வேறு யாரும் வரவில்லை. அடுத்த நாளும் நெய்னா முகம்மது மட்டும். அதற்கடுத்த நாளும்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் ஒருவன் பட்டியலைப் போய்ப் பார்த்திருப்பான். பாலகுருவும் பார்த்தார். பெயர் சரியாக இருந்தது. ஆன் என்றும் இருந்தது. ஆகவே இரண்டு முடிவுகளுக்கு வந்தார். ஒன்று, பெட்டி மட்டமான பெட்டி, நெய்னா முகம்மதுவைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை. இரண்டு, மற்ற ஆறு பேரும் பாய் பக்கம் சேர்ந்துகொண்டு வேறு அலைவரிசைக்குப் போய்விட்டார்கள், தன்னை வேவு பார்க்கப் பாயை மட்டும் இங்கே விட்டிருக்கிறார்கள். தான் ஏதாவது தப்பாகச் செய்திருக்கலாம் என்ற மூன்றாவது முடிவு அவர் மனதில் எழவே இல்லை. முப்பது வருட அரசாங்க உத்தியோகம்.

ஆனால் அவர் நிறுத்தவில்லை. ஒரு வருடம் பதினோரு மாதம், காய்ச்சல் வந்த நாளிலும், மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று பந்தியிலிருந்து எழுந்து வந்தும், ஆறரைக்கு உட்கார்ந்து இரண்டு வரி அனுப்பினார். யாரும் இல்லாத வானம் என்று உறுதியான பிறகு அந்த வரிகளுக்கு ஒரு தனிச் சுதந்திரம் வந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தள்ளினார்.

'கடைமடையில் ஒரே ஒரு நிலையம் விழித்திருக்கிறது. கேட்பார் இல்லை. வணக்கம்.'

'அரசலாறு நிறையத் தண்ணீர். சொல்ல ஆளில்லை.'

'எட்டுப் பேராகத் தொடங்கினோம். இன்று ஒருவன். காலம்.'

அந்தக் 'காலம்' அவருக்கே மிகவும் பிடித்துப்போய் அடுத்த வாரம் மறுபடி போட்டார்.

அநேகமாக ஒவ்வொரு நாளும் நெய்னா முகம்மது பதில் போட்டார். 'எல்லாரும் இருக்கோம் குரு சார். பேட்டரிக்குத் தண்ணி ஊத்துனீங்களா.' பாலகுரு அதைப் படித்துக் கொதிப்பார். எல்லாரும் இருக்கிறார்களாம். எங்கே இருக்கிறார்கள்? வேதாரண்யத்தில் உப்பளம் வைத்திருக்கும் நெடுமாறன் ஒருமுறை போனிலேயே கூப்பிட்டார்.

"சார், நாங்க அனுப்புறது உங்களுக்கு வருதா?"

"எல்லாம் வருது. போதுங்க," என்று பாலகுரு வைத்துவிட்டார். எவ்வளவு நெஞ்சழுத்தம் இருந்தால் போன் செய்து வேறு கேட்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் கையில்தான் இப்போது மாவட்ட அலுவலகத்துக் கடிதமும், 'மொத்தம்: ஒன்று' பட்டியலும் இருந்தன.

மனைவி வடிவாம்பாள் பட்டியலை வாங்கிப் பார்த்தார்.

"ஒருத்தர் பேருதான் இருக்கு."

"அவரு ஒருத்தர்தான் வராரு."

"அப்ப அவருகிட்டயே போய்க் கேளுங்க, மத்தவங்க எங்கன்னு."

"அந்த ஆளுகிட்டயா?"

"வேற யாருகிட்ட கேப்பீங்க? உங்களுக்கு இருக்குறதே ஒருத்தர்."

மூன்று நாள் யோசித்து, சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போனார். கடை பூட்டியிருந்தது. பின்னால் வீட்டில் நெய்னா முகம்மதுவின் மனைவி ஆஸியா பீவி கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. ஏன் இவ்வளவு நாளா ஆளையே காணோம்?" என்றவர், உள்ளே திரும்பி, "இங்க பாருங்க, அந்தத் தனியா இருக்குற தம்பி வந்திருக்காங்க," என்றார்.

தனியாக இருக்கிற தம்பி என்றால் என்னவென்று பாலகுருவுக்குப் புரியவில்லை. கல்யாணமாகி முப்பது வருடம். கேட்கவும் இல்லை.

நெய்னா முகம்மது வாசலுக்கே வந்தார். பாலகுரு வழி நெடுக ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். வெளியே வந்தது வேறு:

"பாய், நான் ரேஞ்சு கம்மியா போறனோன்னு ஒரு சந்தேகம்."

"உங்க ரேஞ்சா? உங்களைக் கொடியக்கரையில கேக்குது. எல்லாருக்கும் கேக்குது. உங்களுக்குத்தான் யாரையும் கேக்கல."

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்னா எல்லாருக்கும்தான்," என்று சொல்லிவிட்டு நெய்னா முகம்மது சட்டையை மாட்டினார். "வாங்க, பெட்டியைப் பாத்துருவோம். இதை நீங்க போன வருஷமே கேட்டிருக்கணும்."

பாலகுருவின் வண்டியிலேயே இருவரும் வந்தார்கள். மாடிப்படி ஏறும்போது நெய்னா முகம்மது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு இடத்தில் நின்றார். மேலே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டிக்கு ஒரு கட்டளை அடித்தார். திரையில் வருகிறதோ இல்லையோ, பெட்டி தன் காதில் விழுந்த கடைசிப் பதினெட்டு நிலையங்களை உள்ளே குறித்து வைத்துக்கொள்ளும். அதைக் காட்டச் சொல்லும் கட்டளை.

வரிசையாகப் பெயர்கள் இறங்கின. வேதாரண்யம் நெடுமாறன், நேற்று மாலை ஆறு முப்பத்தொன்று. மாயவரம் தேவிகா, நேற்று ஆறு முப்பத்திரண்டு. நாகூர், வேளாங்கண்ணி, திருவாரூர், தரங்கம்பாடி. எட்டுப் பேர் கூட்டத்தில் ஒருவர் குறையாமல் எல்லாரும். அதற்குப் பிறகும் பாலகுருவுக்குத் தெரியாத இரண்டு புதியவர்கள்.

"பெட்டி கேட்டுக்கிட்டுதான் இருக்கு," என்றார் நெய்னா முகம்மது. "உங்ககிட்ட சொல்லல. ஏன் சொல்லல?"

கண்காணிப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்தார். பதினேழாம் பக்கத்து அமைப்பு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

பாலகுருவும் அவர் தோளுக்கு மேலாகப் படித்தார்.

"தம்பி, இந்தப் பட்டியல்ல பேரை ஏத்திட்டு சும்மா விட்டா, அந்த ஆளைக் காட்டாது. ஆன் பண்ணா, அந்த ஆளை மட்டும்தான் காட்டும். இதுல என் பேரு மட்டும் இருக்கு. ஆன்ல இருக்கு." அவர் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியிருந்தது. "என்னை மட்டும் கேட்டா போதும்னு வச்சிருந்தீங்களா?"

பாலகுரு வாழ்க்கையில் எத்தனையோ சந்தர்ப்பங்களைத் தவறவிட்டிருக்கிறார். இப்படி ஒன்று தானாக மடியில் வந்து விழுந்ததில்லை. திரையில் எழுத்துப்பூர்வமாக அத்தாட்சி இருந்தது. இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதரின் குரல் போதும் என்று அவர் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். ஆமாம் பாய் என்ற இரண்டு சொல் போதும். அவர் வாயைத் திறந்தார்.

"உங்க பேச்சே வரக்கூடாதுன்னு வச்சாரு பாய்," என்றார் டீயோடு படியேறி வந்த வடிவாம்பாள். "கையேட்டை வச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு செஞ்சாரு. தீபாவளிக்கு முந்துன நாளு. நான் முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தேன், நல்லா ஞாபகம் இருக்கு."

நெய்னா முகம்மது டீயை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இருமல் வந்து, இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து சிரித்தார்.

"ரெண்டு வருஷமா என்னை மட்டுமே படிச்சீங்களா? பாவமே. நான் பேட்டரித் தண்ணியைத் தவிர என்னத்தை எழுதினேன்."

"முழங்கால் வலியும் எழுதினீங்க," என்றார் பாலகுரு.

"ஆன்லயே விடாம ஏன் ஆஃப் பண்ணிப் பாக்கல?"

"பட்டியல்னா அமல்ல இருக்கணும்ல பாய்."

"அது உங்க ஆபீஸ் பட்டியல்." அவர் பட்டியலை வெறுமையாக்கினார். ஆஃப் செய்தார். "மக்ரிபுக்கு நேரமாச்சு. என்னைக் கொண்டுபோய் விட்டுட்டு ஆறரைக்கு வந்து உக்காருங்க. இன்னைக்கு ஒத்திகைக்கு யாருன்னு பேசி முடிக்கிறாங்க. மூணு நாளா அதான் ஓடுது."

"என்னைப் பத்தி ஏதும்..."

"நீங்களே படிங்க."

ஆறரைக்கு வடிவாம்பாளும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முதலில் நெடுமாறன் வந்தார். அடுத்து தேவிகா. வேளாங்கண்ணி, தரங்கம்பாடி. இரண்டு வருடமாக ஒரு வரி வந்த திரையில் வரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏறின. பாலகுருவுக்குக் கல்யாணவீட்டில் தவறான பந்தியில் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. எல்லாரும் சுகமாக இருந்தார்கள். நாகூர்க்காரருக்குப் பேரன் பிறந்து நடக்கவே ஆரம்பித்திருந்தான்.

பிறகு தேவிகாவின் வரி வந்தது. 'ஒண்டி சார் இன்னும் வரலையே. இன்னைக்கு என்ன சோகமோ.'

'அரசலாறு வத்திருச்சுன்னு போடுவாரு,' என்றது தரங்கம்பாடி.

'எங்க அம்மா தினம் கேக்குறாங்க, ஒண்டி என்ன எழுதுனாருன்னு. போன வாரத்துக் காலம் எனக்கே கண்ணு கலங்கிருச்சு.' இது நெடுமாறன்.

"ஒண்டின்னா யாருங்க?" என்றார் வடிவாம்பாள்.

பாலகுரு திரையைத் தன் பக்கமாகத் திருப்பினார்.

"ஓ," என்றார் வடிவாம்பாள். "பந்தியை விட்டு எழுந்து வந்தது இதுக்குத்தானா?"

அவரைப் பற்றி அவர் எதிரிலேயே இரண்டு வருடமாகப் பேசியிருக்கிறார்கள். முதலில் பதில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம் போன் செய்து பார்த்திருக்கிறார்கள். எல்லாம் வருது என்று அவர் சொன்ன பிறகு, மனிதர் ஏதோ எழுத்துப் பயிற்சி செய்கிறார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். ஒருவரும் கோபப்படவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பேச்சு ஒத்திகைக்கு வந்தது. காரைக்காலில் இருப்பது இரண்டே நிலையம். வேளாங்கண்ணி, பாய் என்றது. திருவாரூர், பாய் என்றது. 'ஒண்டி சார் நல்லவருதான். ஆனா அவருக்குக் காது கேக்காதே,' என்றார் தேவிகா. நாகூரும் பாய்.

பாலகுரு விசைப்பலகையில் கை வைத்தார். சும்மா இருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நாளைக்கு மழையைப் பற்றி இரண்டு வரி போட்டுவிட்டு ஒண்டியாகவே காலத்தை ஓட்டலாம், ரசிகர்களும் இருக்கிறார்கள். சொன்னால் தேவிகா மறுபடி டீயைச் சிந்துவார். சொல்லாவிட்டால் ஒத்திகை இல்லை. சொன்னாலும் இருக்காது. இருந்தாலும் அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால்.

'பாலகுரு. காரைக்கால். எல்லாரும் எனக்கு இன்றுதான் தெரிகிறீர்கள். பாயை ஒதுக்கப் பட்டியல் போட்டேன். தலைகீழாகப் போட்டுவிட்டேன். பாய் மட்டும் தெரிந்தார். தப்பு என்னுடையது. பெட்டி நல்ல பெட்டி.'

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்பி, ஒன்றோடொன்று மோதி, திரையில் எதுவும் வரவில்லை. கீச்சொலி மட்டும் கேட்டது. சிரிப்பை அந்தப் பெட்டியால் எழுத்தாக்க முடியாது என்பது ஒரு சௌகரியம்.

முதலில் தெளிவாக வந்தது நெடுமாறன். 'அப்ப இனிமே சோகம் போட மாட்டீங்களா.'

அடுத்து நெய்னா முகம்மது. அவர் கப்பல் பாணியில், வீண் சொல் இல்லாமல் எழுதுபவர். அன்று மூன்று பொட்டலம் நீளத்துக்கு எழுதினார்.

'என் ஓட்டு குரு சாருக்கு. யாரும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டே ஒரு ஆள் ரெண்டு வருஷம் ஒரு நாள் விடாம ஆறரைக்கு உக்காந்திருக்காரு. நாம எட்டுப் பேரும் இருக்கோம்னு தெரிஞ்சே நீங்கள்லாம் எத்தனை நாள் வரல? நானே முழங்காலுக்கு ஆஸ்பத்திரியில நாலு நாள் கெடந்தேன். அந்த நாலு நாளும் அவரு யாருக்கு எழுதினாரு? புயல்ல எனக்கு அந்த மாதிரி ஆளுதான் வேணும். செட்டிங்ஸ் நான் பாத்துக்குறேன்.'

ஆஸ்பத்திரி விஷயம் பாலகுருவுக்குத் தெரியாது. அந்த நான்கு நாட்களில் திரை முழு இருட்டாக இருந்தது நினைவுக்கு வந்தது. பாயும் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அப்போது நீளமாக எழுதியிருந்தார்.

தேவிகா நிபந்தனை போட்டார். வணக்கம் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று. ஒத்திகைக்கு முதல் நாள் பாய் வந்து பெட்டியைச் சரிபார்ப்பார், அதற்குப் பிறகு ஒண்டி சார் பெட்டிமேல் கை வைக்கக்கூடாது, மறுநாள் உள்ளே வருவதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான். மற்றவர்கள் சரி என்றார்கள். பாலகுருவும் சரி என்றார். அப்படியே வாட்ஸ்அப் குழுவில் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி வானொலியில் விண்ணப்பித்தார்.

ஒத்திகை அன்று காலை ஒன்பது மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து நித்யஸ்ரீ என்ற இளம் அதிகாரி வந்தார். பாலகுருவுக்கு மகளாக இருக்கும் வயது. மாடி அறையில் பாலகுருவின் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சடித்த படிவத்தை மடியில் விரித்தார். மூன்று மணி நேரத்தில் எல்லா ஊர்களிலிருந்தும் நாற்பத்து மூன்று செய்திகள் வரவேண்டும். எந்தச் செய்தி எப்போது கிளம்பும் என்பது அவருக்குத் தெரியும், பாலகுருவுக்குத் தெரியாது.

செய்திகள் வந்தன. தரங்கம்பாடியில் இரண்டு கூரை. வேளாங்கண்ணி முகாமில் நூற்றிருபது பேர், பால் பவுடர் தேவை. நெய்னா முகம்மதுவின் பங்குக்கு, காரைக்கால் துறைமுகத்தில் படகு ஒன்று கயிறு அறுந்தது. பாலகுரு நேரத்தோடு எழுதினார். யாருடைய வாயையும் யாரும் பார்க்கவில்லை. அதிகாரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வலித்தது. பத்தே முக்காலுக்கு வடிவாம்பாள் மோர் கொண்டுவந்து வைத்தார், அது அப்படியே இருந்தது.

பதினொன்றரைக்கு ஒரு சின்ன ஓய்வு விழுந்தது. திரை காலியாக இருந்தது. நிபந்தனை நினைவிருந்தும் அவர் கை தானாக விசைப்பலகைக்குப் போனது. எல்லா நிலையங்களுக்கும் நன்றி, கடைமடை விழித்திருக்கிறது என்று ஒரு வரி. அடித்து முடித்து அனுப்பினார். அவ்வளவுதான், அரை நிமிடம்.

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி கணக்குப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு சார். ரொம்ப நல்லாருக்கு. ரெண்டுதான் விட்டுப்போயிருக்கு. பதினொண்ணு பத்து வேதாரண்யம், பதினொண்ணு முப்பத்தொண்ணு திருவாரூர்." பேனாவைப் படிவத்தில் வைத்தார். "ரெண்டுமே காத்துல மோதிப் போயிருக்கும்ல? சிக்னல் இழப்புன்னு போட்டுறேன்."

பாலகுரு தன் தாளைப் பார்த்தார். பதினொன்று பத்துக்கு நாகூரும் வேதாரண்யமும் ஒன்றாக வந்து மோதியதைக் குறித்திருந்தார். பதினொன்று முப்பத்தொன்றுக்கு எதுவும் குறிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கடைமடை விழித்திருக்கிறது என்று அனுப்பிக்கொண்டிருந்தார். தான் பேசும்போது தன் பெட்டிக்குக் காது கிடையாது.

"பதினொண்ணு பத்து மோதல்தாம்மா," என்றார். "இன்னொண்ணு என்னால போச்சு. நான் நடுவுல பேசிட்டேன்."

"என்ன பேசுனீங்க?"

"நன்றி சொன்னேன்."

அதிகாரி படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "ஆள் தவறுன்னு இதுல கட்டமே இல்லையே சார். சிக்னல் இழப்பு, கருவிக் கோளாறு, மின்தடை, மூணுதான் இருக்கு. கருவிக் கோளாறுன்னு போட்டுறவா?"

"வேணாம்மா. பெட்டி நல்ல பெட்டி. குடுங்க," என்று பாலகுரு படிவத்தை வாங்கி மேசைமேல் நேராக வைத்து, அடிக்கோலை எடுத்து, மின்தடைக்குப் பக்கத்தில் நான்காவதாக ஒரு கட்டத்துக்குக் கோடு போடத் தொடங்கினார்.